சபரிக்கு ஒரு கண்டன விழா

நியூட்ரல் கியர் மீடியா நிறுவனத்திடம் யார் வேண்டுமானாலும் "வேண்டாம்" என்று சொல்லலாம். தடையில்லை. ஆனால் அதைப் பதிவுசெய்யப் படிவத்தில் கட்டம் கிடையாது.

ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலைக்குப் பின்புறம், ஒரு பல் மருத்துவருக்கும் வரிக் கணக்கு எழுதித் தருபவருக்கும் நடுவில் அதன் அலுவலகம். அங்கே தயாராகும் காணொளிகள் அனைத்துக்கும் ஒரே கதை. ஒரு பழைய கார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். கார் கிளம்பாது. அவள் ஆக்சிலரேட்டரை மிதிப்பாள். மறுபடி மிதிப்பாள். கேமரா முழங்காலுக்கு மேலே ஏறாது. பதினெட்டு நிமிடம் கழித்து கார் கிளம்பும், அல்லது கிளம்பாது. கிளம்பாததற்குத்தான் மவுசு அதிகம். இதைப் பார்த்து மனம் கிளர்பவர்கள் உலகத்தில் நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். அவரவர் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் தொந்தரவில்லாமல் பார்த்தார்கள். அவர்கள் மேல் எந்தப் புகாரும் இல்லை.

தொந்தரவெல்லாம் மிதிக்க ஆள் பிடிப்பதில்தான். முன்பின் தெரியாத ஒருவர் வந்து, உங்கள் காலையும் காரையும் சேர்த்துப் படமெடுக்கலாமா என்று கேட்டால் மனிதர்கள் பலவிதமாக நடந்துகொள்கிறார்கள். அந்தப் பலவிதத்தைச் சமாளிக்க நிறுவனத்தில் தனியாக ஒரு துறை இருந்தது. பெயர் ஏற்புநிலைத் துறை. துணைத் தலைவர் டக் விட்டேக்கர். கையேடு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதன்படி விரோதம் ஆறு நிலைகளில் வரும். முதல் நிலை, தொடர்பைத் துண்டிப்பது. இரண்டாவது, கெட்ட வார்த்தை. மூன்றாவது, வக்கீல் பெயரைச் சொல்வது. நான்கில் திரவம் வீசுவார்கள். ஐந்தில் திடப்பொருள். ஆறாவது, கூட்டமாக எதிர்ப்பது. அதற்குத் துணைத் தலைவரே நேரில் வரவேண்டும். மூன்றாம் நிலைக்கு மேல் போன விரோதத்தைச் சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்டு உறுதிசெய்தால் அவர் கோப்பு நிரந்தரமாக மூடப்படும். அதுவரை ஏழு நாளுக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டும்.

சபரிக்கு இதெல்லாம் பிப்ரவரியில்தான் தெரிந்தது. நாமக்கல்காரன், முப்பத்தெட்டு வயது. பதினொரு வருடம் மென்பொருள் சோதித்த நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலில் அவனை அனுப்பிவிட்டது. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை பார்க்க வேண்டும். டேட்டா அனலிஸ்ட் என்று எடுத்துக்கொண்டது நியூட்ரல் கியர் மட்டும்தான். விசா மே முப்பது வரை. அடுத்த மூன்று வருடத்துக்கான நீட்டிப்பு மனுவில் டக் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் சபரியும் மனைவி தனபாக்கியமும் ஹூஸ்டன் புறநகரான பேர்லேண்டில் இருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான்.

அவன் வேலை, வந்த வசவுகளை நிலைவாரியாகப் பிரித்து வரைபடம் போடுவது. நிம்மதியான வேலை. அதை அவனே கெடுத்துக்கொண்டான். மார்ச் மாதக் கூட்டத்தில், தானும் ஏதாவது பேச வேண்டுமே என்று, "எங்கள் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேராகக் கத்த மாட்டார்கள்" என்று சொல்லிவைத்தான்.

டக் நாற்காலியைத் திருப்பினார்.

"திரும்பச் சொல்லுங்கள்."

சபரி திரும்பச் சொன்னான். அன்று மாலைக்குள் 'இணக்கச் சமூகப் பிரிவு' உருவாகிவிட்டது. அதன் தலைவர் சபரி. உறுப்பினர்களும் சபரிதான். பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட கார் வைத்திருக்கும் பெண்கள் என்று கணினி ஒரு பட்டியலைக் கக்கியது. பேர்லேண்டில் பதினொரு பெயர். பதினொன்றும் தமிழ்ப் பெயர். கார் ஓடுகிறவரை அதை மாற்றாத ஜனங்களைக் கணினி சரியாகவே கண்டுபிடித்திருந்தது.

"இவங்கல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க" என்றான் சபரி, ஆங்கிலத்தில்.

"அதுதானே பலம்" என்றார் டக். "பாருங்கள் சபரி, 'வேண்டாம்' என்பது ஒரு பதில் அல்ல. அந்த மனிதர் இன்றைக்கு நின்றுகொண்டிருக்கும் இடம் அது. நாளைக்கு வேறு இடத்தில் நிற்பார். நாம் போய்க் கேட்காவிட்டால் அது அவருக்கே எப்படித் தெரியும்? மற்றவர் மறுப்பை நம்மளவு மதிக்கிற நிறுவனம் டெக்சாஸில் கிடையாது. மதிப்பதால்தான் வாரம் ஒருமுறை போய் அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம்." பிறகு மென்மையாகச் சேர்த்தார்: "மே முப்பதுக்குள் பதினொரு கோப்பும் மூடியாகவேண்டும். சம்மதமாக மூடினாலும் சரி, விரோதமாக மூடினாலும் சரி. திறந்த கோப்போடு ஒருவருக்கு மனுவில் கையெழுத்திட என் மனசாட்சி இடம் தராது."

இரண்டு நாள் பயிற்சி. விரோதத்தைத் தாங்குவதற்காகப் பயிற்றுநர் ஒவ்வொருவர் முகத்திலும் ஐஸ் டீயை ஊற்றினார். சபரி பழக்கதோஷத்தில் "தேங்க்யூ" என்றான். வகுப்பில் முதல் மதிப்பெண்.

பட்டியலில் முதல் பெயர் ராஜலக்ஷ்மி. அறுபத்தொரு வயது, கவுண்ட்டி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் கஸ்தூரிரங்கன், பேர்லேண்ட் முத்தமிழ் மன்றத்தின் தலைவர். ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். வேறு யாரும் முன்வரவில்லை என்று அவர் சொல்வார்.

"வாங்கோ வாங்கோ. பாக்கியம் வரலையா?" என்றார் ராஜலக்ஷ்மி.

சபரி சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, கையேட்டின்படி, கட்டாய அறிவிப்பைத் தன் சொந்த மொழிபெயர்ப்பில் வாசித்தான். "இக்காணொளி, வயது வந்த சிலருடைய அந்தரங்க இன்பத்துக்காகத் தயாரிக்கப்படுகிறது. இதில் தங்கள் பாதங்களும் தங்கள் காரின் பெடல்களும் மட்டுமே இடம்பெறும். இதைத் தாங்கள் புரிந்துகொண்டீர்களா?"

ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது. கஸ்தூரிரங்கன் ரிமோட்டை எடுத்து, ஏற்கெனவே அணைந்திருந்த டிவியை அணைத்தார்.

"கால் மட்டுந்தானா?" என்று கேட்டார்.

ராஜலக்ஷ்மி அவரைப் பார்த்தார்.

"காலும் பெடலும், அங்கிள்."

"ஓஹோ."

"காஃபி சாப்பிடறேளா?" என்று எழுந்தார் ராஜலக்ஷ்மி. காபி வந்தது. அடை வந்தது. அவியல் வந்தது. இரண்டாவது அடையும் வந்தது. வாசல்வரை வந்து, "பாக்கலாம் சபரி. என் தங்கை ஊர்லேர்ந்து வரா. அவ வந்துட்டுப் போகட்டும். அடுத்த தடவை பாக்கியத்தையும் கூட்டிண்டு வாங்கோ" என்றார்.

காரில் உட்கார்ந்து சபரி படிவத்தை நிரப்பினான். குரல் உயர்ந்ததா? இல்லை. வக்கீல்? இல்லை. திரவம் வீசப்பட்டதா? இல்லை, கோப்பையில் தரப்பட்டது. திடப்பொருள்? அடை, இரண்டு. மீண்டும் வரச் சொன்னாரா? ஆம். கணினி யோசித்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டியது. ஏற்புநிலை தொண்ணூற்று நான்கு சதவீதம். நிறுவன வரலாற்றில் இதுவே அதிகம்.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் தனபாக்கியம் மூன்று வாட்ஸாப் குழுக்களிலிருந்து நீக்கப்பட்டிருந்தாள்.

"ஆட்டோமொபைல் வீடியோன்னுதானுங்க சொன்னீங்க?" என்றாள்.

"ஆட்டோமொபைல்தான். அதுல கால் வருது."

"கார்னா கால் வரத்தான செய்யும்?"

"கால்தான் மெயினு."

தனபாக்கியத்துக்குக் கோபமில்லை; புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தாள். "இதைப் போய்க் காசு குடுத்தா பாக்குறாங்க?" என்றாள் கடைசியில். "பாவம், நல்ல மெக்கானிக்கு கெடைக்கலையாட்ட இருக்குது."

மறுநாள் விடிகாலை நாமக்கல்லிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "கண்ணு, அமெரிக்காவுல இருந்து யாரோ ஒரு அம்மா போன் பண்ணுச்சு. வேல போன வெசனத்துல உனக்குப் புத்தி எதும் தடுமாறிப்போச்சான்னு ரொம்ப அக்கறையாக் கேட்டுச்சு. என்ன சாமி ஆச்சு?"

அம்மாவை அழைத்துச் சொல்வது விரோதத்தில் சேருமா என்று சபரி டக்கிடம் கேட்டான்.

"உங்கள் குடும்பத்தோடு அவர்களே வலியத் தொடர்புகொண்டார்களா?" டக் கண்களை மூடித் திறந்தார். "சபரி, இதற்குப் பெயர் உறவு."

பதினொரு வீட்டிலும் இதேதான் நடந்தது. பதினொரு வீட்டிலும் பச்சை விளக்கு. ஏழாம் நாள் மறுபடி போனான், மறுபடி சாப்பிட்டான். பதினான்காம் நாள் சிலர் கதவைத் திறக்கவில்லை. ஒரு வீட்டில் அழைப்புமணியில் பொருத்திய கேமராவிலிருந்து, "சாரி சபரி, நாங்க டல்லாஸ் வந்திருக்கோம்" என்று குரல் வந்தது. பின்னாலேயே குக்கர் விசில் மூன்று முறை அடித்தது. "மூணு விசில் வந்துருச்சு, அடுப்ப அணைச்சிருங்க" என்று சபரி கேமராவிடம் சொல்லிவிட்டுத் திரும்பினான். படிவத்தில் இதற்கும் இடமில்லை. கோயிலில் அவனைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே வேறு வரிசைக்கு மாறினார்கள். சபரியின் எடை ஐந்து கிலோ கூடியது. அலுவலகச் சுவரில் அவன் படத்தை மாட்டினார்கள்.

மே பத்தாம் தேதி அவன் கணக்கைப் பார்த்தான். சம்மதம் எவரும் தரப்போவதில்லை. அது அவனுக்கு முதல் நாளே தெரியும். ஆனால் விரோதமும் யாரும் தரவில்லை. பதினொரு கோப்பும் திறந்தே கிடந்தன. இனி ஒரே வழிதான்.

பட்டியலில் அபயாம்பாள் என்றொரு பெயர் இருந்தது. பேர்லேண்டிலேயே வாய்க்குப் பேர் போனவர். கோயில் கேன்டீன் மேலாளர் ஒருமுறை அவரிடம் பேசிவிட்டு வந்து விடுப்பு எடுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சபரி நம்பிக்கையோடு போனான்.

"ஆன்ட்டி, என்னைத் திட்டுங்க."

"அய்யய்ய, உன்ன எதுக்குப்பா திட்டணும்? தங்கமான புள்ள."

"நான் கேட்டது தப்புதானுங்களே?"

"தப்பு ரைட்டுன்னு சொல்ல நான் யாரு? ஒக்காரு, கொழுக்கட்டை இருக்கு."

"ஆன்ட்டி, என் பின்னாடி என்ன திட்டினீங்களோ, அதையே முன்னாடி ஒருதடவை திட்டிட்டு இங்க ஒரு சைன் போட்டீங்கன்னாப் போதும்."

அபயாம்பாளின் முகம் மாறியது. சபரி பேனாவைத் திறந்தான்.

"நான் பின்னாடி திட்டினேன்னு உங்கிட்ட யாரு சொன்னது? ராஜலக்ஷ்மியா?"

"இல்லைங்க ஆன்ட்டி."

"அவதான். எனக்குத் தெரியும். நீ சாப்பிடு."

கொழுக்கட்டை நான்கு. ஏற்புநிலை தொண்ணூற்றாறு.

அன்று தனபாக்கியம் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ராஜலக்ஷ்மி வீட்டுக்குப் போனாள். உட்காரவில்லை. "ஆன்ட்டி, நீங்கெல்லாம் ஒருக்கா வாயத் தொறந்து இவர வெய்யலீன்னா, முப்பதாந்தேதி நாங்க ஊருக்கு மூட்டை கட்டோணுங்க. அவ்ளோதானுங்க விஷயம்" என்றாள்.

ராஜலக்ஷ்மிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல பெண்மணி. "இத மொதல்லயே சொல்லப்படாதோ? விசாவுக்குன்னா பேஷா திட்டிடலாமே!" என்றார்.

முத்தமிழ் மன்றத்தின் செயற்குழு அவசரமாகக் கூடியது. ஆளுக்கொருவராகப் போனில் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாமே என்று செயலாளர் வெங்கடகிருஷ்ணன் சொன்னார். கஸ்தூரிரங்கன் கையை உயர்த்தினார்.

"தனித்தனியா திட்டினா அது அநாகரிகம், வெங்கட். மேடை போட்டுத் திட்டினா கலாசாரம். இருபத்தாறு வருஷமா இந்த மன்றம் தமிழர்களை எதுக்காக ஒண்ணு சேத்துண்டிருக்கு? இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான். எனக்கு அரைமணி நேரம் ஒதுக்கிடுங்கோ. மிச்சப் பேருக்கு ஆளுக்கு அஞ்சு நிமிஷம்."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வாடகை மண்டபத்தில், 'சபரி அவர்களுக்குக் கண்டன விழா'. மேடைக்குப் பின்னால் பேனர். அதில் சபரி சிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணத்தில் எடுத்த படம். யார் யார் என்ன கொண்டுவருவது என்று கூகுள் ஷீட் போட்டிருந்தார்கள். அபயாம்பாள் தனியாளாக இருநூற்று நாற்பது வடை சுட்டுக் கொண்டுவந்தார். கூட்டு எதிர்ப்பு ஆறாம் நிலை என்பதால் டக் விட்டேக்கர் நேரில் வந்தார். அவருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. குத்துவிளக்கின் முதல் திரியை அவரை ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார்.

கஸ்தூரிரங்கன் வரவேற்புரையும் கண்டன உரையும் சேர்த்தே ஆற்றினார். எண்பத்தேழில் தாம் வந்தபோது ஹூஸ்டனில் கறிவேப்பிலை கிடைக்காதது, தாம் கட்டிய முதல் வீடு, தமக்கு வந்த பதவி உயர்வுகள் எல்லாம் அதில் இருந்தன. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் சபரிக்கு வந்தார். "தம்பி சபரியைக் கண்டிக்கவேண்டும் என்று சொன்னார்கள். நான் கேட்கிறேன், கண்டிப்பு என்பது என்ன? அன்பின் இன்னொரு வடிவம் அல்லவா? இப்படி ஓர் உழைப்பாளி நம் மன்றத்துக்குக் கிடைத்திருப்பது நாம் செய்த பாக்கியம்!" கைதட்டல். சபரிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அதோடு கதை முடிந்தது. மைக் முன்னால் வந்த யாருக்கும் வேறுவிதமாகப் பேசத் தெரியவில்லை. பதினொரு பெண்களில் ஒன்பது பேர் பேசினார்கள். ஒருவர் அவன் பணிவைப் பாராட்டினார். ஒருவர், வீட்டில் கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான் என்றார். ஒருவர் எழுதிவந்த கவிதையில் 'சபரி' மூன்று முறை வந்தது, மூன்று முறையும் மலையோடு.

"இது எந்த நிலை?" என்று டக் காதில் கேட்டார்.

"பச்சைதான்" என்றான் சபரி. மடியில் பதினொரு வெற்றுப் படிவங்கள். முதல் வரிசையில் தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெங்கடகிருஷ்ணன் நன்றியுரைக்கு எழுந்தார். மண்டபத்துக்கு நன்றி. ஒலிபெருக்கிக்கு நன்றி. டக் விட்டேக்கர் அவர்களுக்கு நன்றி. "இன்றைய சிற்றுண்டியை, குறிப்பாக அந்த அருமையான வடையை, நமக்கு வழங்கிய திருமதி ராஜலக்ஷ்மி கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு..."

"என்னது?"

அபயாம்பாள் எழுந்து நின்றிருந்தார்.

"யாரு வடை? ராஜலக்ஷ்மி வடையா? காலைல நாலு மணிலேர்ந்து எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னது யாரு?"

"இல்ல மாமி, ஷீட்ல அப்படித்தான் இருந்தது..."

"ஷீட்ட யாரு மாத்தினா? சொல்லுங்க! தீபாவளிக்கு எம்பேரு விட்டுப்போச்சு. பொங்கலுக்கு விட்டுப்போச்சு. இன்னிக்கு வடையும் அவளோடதா?"

"நான் எதுக்கு உங்க வடையைத் திருடணும்?" என்றார் ராஜலக்ஷ்மி. "அதுல உப்பே இல்ல. எம்பேரைப் போட்டதுக்கு நான்தான் மானநஷ்ட கேஸ் போடணும். எங்க வக்கீல்ட்ட பேசறேன்!"

மூன்றாம் நிலை, என்று சபரியின் மூளை தானாகக் குறித்தது.

பிறகு எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒன்பது வருடமாகப் 'பாக்கலாம்' என்று அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. யார் மகள் கச்சேரிக்கு யார் வரவில்லை, யார் பாத்திரத்தை யார் திருப்பித் தரவில்லை, யார் நிரந்தரத் தலைவர். ஒரு டம்ளர் மோர் பறந்தது. ஒரு வடை டக்கின் மாலையில் வந்து சிக்கிக்கொண்டது. அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"திடப்பொருள்" என்றார், நடுங்கும் குரலில்.

"இந்த மன்றத்த எதிர்த்து எங்க கையெழுத்துப் போடணும்? எவன்ட்டயாவது பேப்பர் இருக்கா?" என்று அபயாம்பாள் கத்தினார்.

சபரியிடம் இருந்தது. அபயாம்பாள் தாளே கிழியுமளவு அழுத்திக் கையெழுத்திட்டார். அந்தப் பக்கம் கையெழுத்து வாங்குகிறார்கள் என்றதும் இந்தப் பக்கமும் கேட்டார்கள். ராஜலக்ஷ்மி கண்ணாடியைக்கூடத் தேடாமல் போட்டார். பதினொரு படிவமும் நான்கு நிமிடத்தில் நிறைந்தன. யாரும் படிக்கவில்லை. கையெழுத்துக்கு மேலே ஆங்கிலத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'இன்று நான் மிகுந்த விரோதமடைந்தேன்.' எவரும் பொய் சொல்லவில்லை.

டக் படிவங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. மண்டபத்தை, அழுகிறவர்களை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நின்ற வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தார்.

"நம் காணொளிகள் மனிதர்களை இவ்வளவு ஆழமாகத் தொடுமென்று நான் நினைக்கவில்லை" என்றார். "பதினான்கு வருடத்தில் என் மேல் யாரும் இப்படி உணர்ந்து எதையும் எறிந்ததில்லை. பெரும்பாலும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைத்தான் எறிவார்கள்."

மேடையின் விளிம்பில் வைத்து மனுவில் கையெழுத்திட்டார்.

வண்டி நிறுத்துமிடத்துக்குச் சபரியும் தனபாக்கியமும் நடந்தார்கள். பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் சபரி அதை மனுவின் உறைமேல் மடித்து வைத்துக்கொண்டான். காரில் ஏறியதும் தனபாக்கியம் சீட் பெல்ட்டைப் போட்டாள்.

"கெடைச்சிருச்சுங்களா?"

"கெடைச்சிருச்சு. மூணு வருஷத்துக்கு."

"மூணு வருஷமும் இந்த வேலைதானுங்களா?"

"ஆமா. அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அடுத்து நியூ ஜெர்ஸி லிஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாரு. பிரிட்ஜ்வாட்டர்ல முப்பது குடும்பம். நீயும் கூட வந்தா வீட்டுக்குள்ள விடுவாங்கன்னு சொல்றாரு. வர்றியா?"

"முடியாதுங்க" என்றாள் தனபாக்கியம்.

கத்தவில்லை. காரணம் சொல்லவில்லை. ஊரிலிருந்து யாரும் வருவதாகவும் சொல்லவில்லை. சாலையில் போன ஒரு லாரியைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கியும் ஒரு தமிழ் வாயிலிருந்து வராத சொல். சபரி அதைக் கேட்டான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தேடினான். குரல் உயரவில்லை. எதுவும் வீசப்படவில்லை.

பச்சை.

அவன் போனை எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் பெயரைக் குறித்துக்கொண்டான்.